லேப்டாப் ஆன் ஆகும்போதே நின்றுவிடுகிறதா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"ஆன் பண்ணா ஹேங் ஆகுது" என்று சொன்னால், விஷயம் தெரிந்த மெக்கானிக் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்க வந்து நிக்குது?" பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை வேலை கைமாறிக்கொண்டே போகிறது. மதர்போர்டில் பதிந்திருக்கும் பயோஸ் என்ற தொடக்க புரோகிராம் முதலில் எழுந்து ரேம், டிஸ்க், கீபோர்டு எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. பிறகு டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் பூட் மேனேஜரிடம் ஒப்படைக்கிறது. அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும், ஹார்டுவேரை இயக்கும் டிரைவர்களையும் ஏற்றுகிறது. அதற்கப்புறம் லாக் ஸ்கிரீன், பாஸ்வேர்டு, டெஸ்க்டாப். எந்தக் கையில் இருக்கும்போது நின்றது என்று பார்க்காமல் விண்டோஸை அழித்துப் போடுவதாலும், நன்றாக இருக்கும் ரேமை மாற்றுவதாலும்தான் காசு வீணாகிறது. இங்கே எடுத்துக்கொள்வது விண்டோஸ் 10, 11 ஓடும் லேப்டாப்களை.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. திரையில் டெல், எச்பி, லெனோவோ என்று கம்பெனி லோகோ தெரிந்தால் "விண்டோஸ் இன்னும் வரவே இல்லை" என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. விண்டோஸ் 8 முதல், பயோஸ் காட்டிய அதே லோகோவை விண்டோஸ் அப்படியே வைத்துக்கொண்டு கீழே புள்ளிகளை மட்டும் சுற்றவிடுகிறது. ஆகவே பார்க்க வேண்டியது லோகோவை அல்ல, அதன் கீழே சுற்றும் புள்ளிகளை. லோகோ மட்டும் இருந்து புள்ளி வரவில்லை என்றால் சிக்கல் பயோஸ் பக்கம், அதாவது பெரும்பாலும் ஹார்டுவேர். புள்ளி ஒரு சுற்று சுற்றிவிட்டாலும் டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் ஏறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இன்னொரு சோதனைக்கு இரண்டு விநாடி போதும். நின்றுபோன நிலையில் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் இயந்திரம் முழுவதும் உறைந்துவிட்டது. முதலாவது பெரும்பாலும் டிஸ்க் அல்லது பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சர்வீஸ். இரண்டாவது டிரைவர், ரேம், போர்டு பக்கம் கைகாட்டும்.

கை வைக்கும் முன்

திரையில் அப்டேட் நடப்பதாக ஒரு வரியோ சதவீதமோ தெரிந்தால் அது ஹேங் அல்ல. பழைய ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பில் பெரிய அப்டேட் ஒன்று 2 மணி நேரம்கூட இழுக்கும். சார்ஜரைச் செருகிவிட்டு விட்டுவிடுங்கள். நடுவில் அணைப்பது, இல்லாத பழுதை உண்டாக்கும்.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கில் உள்ளதைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் புதிய லேப்டாப்கள் பலவற்றில், உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயோஸில் எதையாவது மாற்றினாலோ, ரிப்பேர் மெனுவுக்குள் போனாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அதே கணக்கில் போனிலிருந்து நுழைந்து, உங்கள் சாதனத்தின் பெயரின் கீழ் இருக்கும் ரிகவரி கீயை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாவி இல்லாவிட்டால் உள்ளே உள்ள போட்டோவும் ஃபைலும் யாராலும் மீட்க முடியாதவை.

டச்பேட் மேடாக எழும்பியிருக்கிறதா, மூடினால் நடுவில் இடைவெளி தெரிகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த லேப்டாப்பில் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் போடாமல், அழுத்தாமல், பேட்டரியை மாற்றிய பிறகே மற்றது.

விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, லோகோவே இல்லை

சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து, பவரைக் கட்டுப்படுத்தும் சிப் புதிதாகத் தொடங்கும். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். மந்திரம் போலத் தோன்றினாலும், லோகோகூட வராத லேப்டாப்களில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பேட்டரி உள்ளேயே இருக்கும் சில மாடல்களில், அடிப்பக்கத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கும்.

அப்படியும் கறுப்பு என்றால், இருட்டான அறையில் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக லோகோ தெரிந்தால் லேப்டாப் நன்றாகவே ஓடுகிறது, திரையின் பின்விளக்கு மட்டும் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்தும் இதை உறுதி செய்யலாம்.

எதுவுமே தெரியவில்லை என்றால் விளக்கு மின்னுவதை எண்ணுங்கள். டெல் லேப்டாப்களில் பேட்டரி விளக்கு ஆரஞ்சு சில முறை, வெள்ளை சில முறை என்று மாறி மாறி மின்னும். ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்றால் ரேமையே காணவில்லை. 2, 4 என்றால் ரேம் பழுது. 2, 1 பிராசஸர். 3, 1 என்றால் சிமாஸ் பேட்டரி, அதாவது தேதியையும் நேரத்தையும் காக்கும் சின்ன பேட்டரி. எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கு நீளமாக 3, குட்டையாக 2 மின்னினால் ரேம். ஒருமுறை எண்ணித் தப்பாகப் புரிந்துகொள்வது சகஜம். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: டிடிஆர்5 ரேம் உள்ள புதிய லேப்டாப்பில் ரேம் மாற்றியதும், அல்லது பயோஸ் அப்டேட் ஆனதும், முதல்முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். ரேமுக்கு ஏற்ற வேகத்தை அது அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. பொறுமை இல்லாமல் அணைத்தால் அடுத்த முறையும் முதலிலிருந்து அளக்கும்.

லோகோ வருகிறது, புள்ளி வரவில்லை, அப்படியே நிற்கிறது

இங்கே விண்டோஸுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. பயோஸ் எதையோ கூப்பிட்டுப் பதில் வராமல் காத்திருக்கிறது.

வெளியே செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பென்டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க், பிரிண்டர், யுஎஸ்பி ஹப், மவுஸின் சின்ன ரிசீவர், எஸ்டி கார்டு எல்லாமே. மறந்துபோவது எஸ்டி கார்டைத்தான், பக்கவாட்டில் முழுதாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். எல்லாம் எடுத்தபின் லோகோவைத் தாண்டினால் ஒவ்வொன்றாகச் செருகிக் குற்றவாளியைப் பிடியுங்கள்.

தாண்டவில்லை என்றால் பயோஸுக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். ஆன் செய்த உடனேயே பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்: டெல், ஏசர், ஆசஸ், லெனோவோ ஐடியாபேட் எல்லாவற்றுக்கும் எஃப்2, திங்க்பேடுக்கு எஃப்1, எச்பிக்கு எஃப்10. சில கீபோர்டுகளில் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

உள்ளே போக முடிந்தால் டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறதா என்று தேடுங்கள். பெயர் இல்லை என்றாலோ, ஒருமுறை இருந்து மறுமுறை இல்லை என்றாலோ டிஸ்க்கோ அதன் வயரோ போய்க்கொண்டிருக்கிறது. தேதி 2015, 2018 என்று பின்னால் போயிருந்தால் சிமாஸ் பேட்டரி காலி. பெரும்பாலான பழைய லேப்டாப்களில் அது சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரிதான், ஆனால் சின்ன வயரும் பிளக்கும் வைத்து உறையோடு வரும். கடிகாரத்துக்குப் போடும் வெறும் பேட்டரியை வாங்கிவந்தால் பொருந்தாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "எதற்கும் பயோஸை டீஃபால்ட்டுக்கு மாற்றிப் பார்ப்போம்" என்று அழுத்திவிடுவார்கள். இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும் உள்ள பல லேப்டாப்களில் டிஸ்க்கை விஎம்டி என்ற அமைப்பின் வழியாக விண்டோஸ் படிக்கிறது. டீஃபால்ட்டுக்குப் போகும்போது அது மாறிவிட்டால், அடுத்த பூட்டில் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று பிழைத் திரை வரும். டிஸ்க்கில் ஒன்றும் ஆகியிருக்காது, பயோஸில் விஎம்டி அமைப்பை முன்பிருந்தபடி மாற்றினால் சரியாகிவிடும். அதனால் எதையும் தொடும் முன் சேமிப்பகப் பக்கத்தையும் பூட் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயோஸுக்குள்கூடப் போக முடியாமல் லோகோவில் உறைந்தால் பின்மூடியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது "பூட் டிவைஸ் இல்லை" என்று செய்தி வந்தாலோ பயோஸ் திறந்தாலோ, டிஸ்க்தான் மொத்த லேப்டாப்பையும் பிடித்து வைத்திருந்தது. உயிர்போகும் ஹார்டு டிஸ்க் "இதோ வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டே பதில் தராமல் இருக்கும். பயோஸும் நம்பிக் காத்திருக்கும். டிஸ்க் இல்லாமலும் நின்றால் அடுத்து ரேம், அதற்கடுத்து வைஃபை கார்டு. வைஃபை கார்டு லோகோவில் நிறுத்தும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு ஸ்க்ரூவும் இரண்டு மெல்லிய ஆன்டெனா வயரும்தான். கழற்றிவிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்.

ரேமைக் கழற்றி மாட்டும் விதம்

சார்ஜர் எடுத்தாயிற்று என்பது போதாது. உள்பேட்டரியின் பிளக்கைப் போர்டிலிருந்து கழற்றிய பிறகே மற்றதில் கை வைக்க வேண்டும். திங்க்பேடு பயோஸில் உள்பேட்டரியை அணைத்துவைக்கத் தனி வசதியே உண்டு. பெரும்பாலும் பிஎச்0 அளவு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். ரப்பர் பாதத்தின் அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை மறந்துவிட்டு மூடியை நெம்பினால் கொக்கி உடையும். எடுத்த ஸ்க்ரூக்களை, லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தாளில் வரைந்து, அந்தந்த இடத்திலேயே வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த ஓட்டையில் நெட்டையைப் போட்டு இறுக்கினால், மேல்பக்கம் கை வைக்கும் இடத்தில் மொட்டுப் போலப் புடைத்துக்கொண்டு வரும்.

ரேமின் இரு பக்கமும் உள்ள உலோகக் கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளினால் அது தானாகச் சாய்வாக எழும்பும். அந்தச் சாய்விலேயே இழுங்கள். தங்கநிறப் பட்டைகளில் கறுப்போ பச்சையோ படிந்திருந்தால், பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும், ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதுவே புதுப் பழுது. கடலோர ஊர்களில் இருக்கும் லேப்டாப்களில் உப்புக் காற்றால் இந்தப் பச்சை சீக்கிரமே படியும்.

மாட்டும்போதும் அதே 30 டிகிரி சாய்வு. தங்கப் பட்டை கிட்டத்தட்ட மறையும்வரை உள்ளே தள்ளிவிட்டு, பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்கும். பட்டை பாதி தெரிய, கொக்கி மட்டும் பிடித்திருப்பதுதான் "ரேமைக் கழற்றி மாட்டியும் சரியாகவில்லை" என்பதன் காரணம் பல சமயம். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் ஒரு ஸ்லாட்டில் வைத்து ஆன் செய்யுங்கள், பிறகு அதே ரேமை மற்ற ஸ்லாட்டில், பிறகு அடுத்த ரேமை. எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் ஒரே ரேம் நிறுத்தினால் ரேம் பழுது. எந்த ரேமை வைத்தாலும் ஒரே ஸ்லாட் நிறுத்தினால் போர்டு. மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே இந்தச் சோதனைக்கு வழியில்லை.

புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அல்லது சுற்றி நின்றுவிடுகின்றன

இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு. சுற்றிக்கொண்டே இருக்கிறது, மணிக்கணக்கில், என்றால் டிஸ்க்கிலிருந்து வர வேண்டியது வரவில்லை. நாலைந்து சுற்றில் புள்ளிகள் நட்டநடுவில் உறைந்து கேப்ஸ் லாக்கும் செத்துவிட்டால் டிரைவர் மோதல், அதிலும் கிராஃபிக்ஸ் டிரைவர்மேல் முதல் சந்தேகம்.

சுற்றிக்கொண்டே இருப்பதில் முதலில் பழுதையும் மந்தத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். 1 டிபி, 5400 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க்கோடு வந்த பழைய லேப்டாப்களில் விண்டோஸ் 10 ஏற 5 முதல் 10 நிமிடம் ஆவது பழுதே அல்ல. 20 நிமிடம் விட்டுப் பாருங்கள். வந்துவிட்டால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். அதற்கு மருந்து சாஃப்ட்வேர் இல்லை, அந்த ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் மாட்டும் சாட்டா எஸ்எஸ்டிதான்.

வரவே இல்லை என்றால் ரிப்பேர் மெனுவுக்குள் போக வேண்டும். புள்ளிகள் தெரிந்ததும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் அடுத்த முறை விண்டோஸ் தானே "ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டிரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். இந்தப் பக்கம்தான் எல்லாவற்றுக்கும் வாசல். இதுவும் வராமல் சுற்றினால் வேறு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவ் ஒன்று தயார் செய்து அதிலிருந்து பூட் செய்யுங்கள். பூட் மெனு டெல், லெனோவோவுக்கு எஃப்12, எச்பிக்கு எஃப்9, ஆசஸுக்கு எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயோஸில் அதை முதலில் அனுமதித்திருக்க வேண்டும். நிறுவல் திரையில் இன்ஸ்டாலை அழுத்தாமல் ரிப்பேர் என்பதைத் தேர்ந்தால் அதே மெனு வரும்.

மெனு கிடைத்ததும் உடனே ரிப்பேரில் இறங்காதீர்கள். முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள். அதற்கு ஒரு சின்ன வித்தை உண்டு. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அடியுங்கள். அந்தக் கறுப்புத் திரையிலேயே நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போய், கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றினால் டிஸ்க்கில் உள்ள எல்லாமே தெரியும். வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, செருகியிருக்கும் வெளி டிஸ்க்கில் போய் பேஸ்ட். எவ்வளவு ஆயிற்று என்று எதுவும் காட்டாது, உறைந்ததுபோல் நிற்கும், ஆனால் உள்ளே நகல் போய்க்கொண்டிருக்கும். எந்த எழுத்துள்ள டிரைவில் உங்கள் விண்டோஸ் இருக்கிறது என்றும் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் சூழலில் அது சி ஆக இல்லாமல் டி ஆகவோ ஈ ஆகவோ இருக்கலாம்.

இனி வரிசை. சமீபத்தில் அப்டேட் வந்தபிறகுதான் இந்தத் தொல்லை என்றால் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" போய் கடைசி குவாலிட்டி அப்டேட்டை நீக்குங்கள். புது சாஃப்ட்வேரோ டிரைவரோ போட்டபிறகு என்றால் சிஸ்டம் ரீஸ்டோர். உங்கள் ஃபைல்களை அது தொடாது. ஸ்டார்ட்அப் ரிப்பேர் பூட் ஃபைல் சிதைந்திருந்தால் மட்டும் உதவும், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பத்துமுறை ஓட்டினாலும் அதே பதில்தான்.

இவை பலிக்காதபோது சேஃப் மோடு. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4ஐ அழுத்துங்கள். நெட் வேண்டுமென்றால் 5. சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றும். அங்கே நன்றாக வந்துவிட்டால் ஹார்டுவேர்மேல் சந்தேகம் பெரிதும் குறைகிறது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் திறந்து கிராஃபிக்ஸ் டிரைவருக்கு "ரோல் பேக்" இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் அன்இன்ஸ்டால் செய்து, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று உள்ளதையே போடுங்கள். அடுத்த சந்தேகம் ஆன்டிவைரஸ். பூட் ஆகும்போதே கெர்னலோடு ஒட்டி ஏறும் சாஃப்ட்வேர் அது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு தவறான ஃபைலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீல நிறப் பிழைத் திரையில் விழுந்தன. சேஃப் மோடில் போய் அந்த ஃபைலை அழித்ததுதான் அன்றைக்குத் தீர்வு. வீட்டு லேப்டாப்பில் இதே கதை சின்ன அளவில் நடக்கும், முக்கியமாக இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக இருக்கும்போது.

சேஃப் மோடும் நின்றால் டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும். விண்டோஸ் இல்லாமலே சோதிக்கலாம்: எச்பியில் ஆன் செய்தவுடன் எஃப்2, டெல்லில் எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ். டிஸ்க் தேறவில்லை என்று சொன்னால் மேல்முறையீடு கிடையாது, மாற்றத்தான் வேண்டும். தேறியது என்று சொன்னால் முழுதாக நம்பாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு, வேறு கம்ப்யூட்டரில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 என்பது படிக்க முடியாமல் தவிக்கும் செக்டார்களின், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகளின், எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே போனால் பூட் ஆகும்போது விண்டோஸ் அந்த இடத்தில் மோதி மோதி நிற்கிறது. சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைவிட வயர்மேல்தான் முதல் சந்தேகம். இந்த எண்கள் பதினாறடிமான முறையில் தெரியும், 10 என்று கண்டால் 16 என்று படிக்க வேண்டும்.

டிஸ்க்கின் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும், கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஓட்டும் செக்டிஸ்க் கட்டளையைப் பற்றி ஒரு வார்த்தை. சாய்கோடு எஃப் போட்டு ஓட்டினால் ஃபைல் அமைப்பின் கணக்கை மட்டும் சரி செய்யும், அது பெரும்பாலும் பாதுகாப்பானது. சாய்கோடு ஆர் போட்டால் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரையும் படிக்கும், 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் பல மணி நேரம். ஏற்கனவே தேய்ந்த டிஸ்க்கை அப்படி உழுதால் மிச்ச உயிரும் போகும். ஃபைல்களை எடுத்தபின் மட்டுமே அதைத் தொடுங்கள். 'டக், டக்' என்று சத்தம் கேட்கும் டிஸ்க்கில் எதையும் ஓட்டாதீர்கள், அணைத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு போட்டபின் "வெல்கம்" என்று நிற்கிறது, அல்லது கறுப்புத் திரையில் அம்புக்குறி மட்டும்

விண்டோஸ் முழுசாக ஏறிவிட்டது, டெஸ்க்டாப் மட்டும் வரவில்லை. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் உள்ள பட்டியலோடு ஒரு திரை வந்தால் நல்ல செய்தி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "ரன் நியூ டாஸ்க்" போய் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டி, புள்ளி வைத்து ஈ-எக்ஸ்-ஈ சேர்த்து என்டர். டெஸ்க்டாப் வந்துவிட்டால், கூடவே ஏறும் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் எல்லாவற்றையும் அணையுங்கள். அதே "ரன் நியூ டாஸ்க்"கில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் "ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்" என்பதை டிக் செய்துவிட்டு மிச்சத்தை அணையுங்கள். டிக் செய்ய மறந்து எல்லாவற்றையும் அணைத்தால் வேறு வம்பு வரும். சரியாகிவிட்டால் பாதியை மட்டும் திரும்ப இயக்குங்கள். நின்றால் அந்தப் பாதிக்குள், நிற்காவிட்டால் மற்ற பாதிக்குள். 32 சர்வீஸ் இருந்தாலும் ஐந்து ரீஸ்டார்ட்டில் பிடித்துவிடலாம்.

அம்புக்குறிகூட இல்லாத கறுப்பு என்றால் விண்டோஸ் பட்டன், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு 'பீப்' கேட்டு கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். முன்பு டிவியோடு இணைத்த லேப்டாப் படத்தை இன்னும் அந்த டிவிக்கே அனுப்பிக்கொண்டிருப்பதும் உண்டு.

சி டிரைவ் முழுக்க நிரம்பியிருந்தாலும் இதே அறிகுறிதான். டாஸ்க் மேனேஜர் வழியாகவோ சேஃப் மோடிலோ 15 ஜிபியாவது காலி செய்யுங்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது, அணைத்து ஆன் செய்தால்தான் நிற்கிறது

இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த நாள் அதையே எடுத்து விரிக்கிறது. எழுதும்போது ஏதாவது டிரைவர் கோணலாக இருந்தால் கோணலே திரும்பி வரும். ரீஸ்டார்ட் மட்டும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும், அதனால்தான் அங்கே பழுது காணாமல் போகிறது. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், "பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும்" என்ற பக்கம். மேலே "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெய்லபிள்" என்பதை அழுத்திய பிறகே கீழே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு உள்ள டிக்கை எடுக்க முடியும். எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் இதை அணைப்பதால் சில விநாடிகளே கூடும். ஒருமுறை மட்டும் சோதிக்க வேண்டுமென்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அந்த முறை முழுதாக அணையும்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது

இன்று லோகோவில், நாளை புள்ளியில், மறுநாள் டெஸ்க்டாப் வந்து இரண்டு நிமிடத்தில். நிலையில்லாமல் நிற்பது சாஃப்ட்வேர் குணம் அல்ல. ரேம், சூடு, போர்டு என்ற வரிசையில் பாருங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு 4 சுற்றோடு நிற்கும், அது போதும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை வைத்துக்கொள்ளக் கூடாது. புது ரேம் வாங்கும்போது பழையதையே கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்3, 4, 5 மூன்றுக்கும் நடுவெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. டிடிஆர்3 காலத்து லேப்டாப் என்றால் 'எல்' எழுத்துள்ள 1.35 வோல்ட் வகையா என்றும் லேபிளில் பாருங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கழற்றிய பழைய ரேம் மலிவாகக் கிடைக்கும். வாங்கினால் கடையிலேயே உங்கள் லேப்டாப்பில் மாட்டி ஆன் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சூடு என்றால் நின்றுபோவதைவிடத் திடீரென்று அணைந்துபோவதுதான் அதிகம். ஆன் செய்து ஒரு நிமிடத்தில் அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு, ஃபேன் சத்தமே இல்லை என்றால் ஃபேனைத் திறந்து பாருங்கள். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் பல்லிடுக்கில் தூசி கம்பளி போலத் திரண்டு அடைத்திருக்கும். ஊதும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது வேகமாகச் சுழன்றால் தாங்கி கெட்டுவிடும்.

ரேமும் டிஸ்க்கும் மாற்றியாயிற்று, ஃபேன் சுத்தம், இன்னும் கண்ட இடத்தில் நிற்கிறது என்றால் போர்டு. வீட்டில் செய்ய வேறு எதுவும் இல்லை. கடைக்குக் கொடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். எம்.2 எஸ்எஸ்டி என்றால் ஒரே ஒரு ஸ்க்ரூ, 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம், சூயிங்கம் பட்டை அளவு. போர்டைச் சோதிக்க அவர்களுக்கு உங்கள் டிஸ்க் தேவையில்லை, கடையிலேயே ஒன்று இருக்கும். எங்கே நின்றது, கேப்ஸ் லாக் விளக்கு எரிந்ததா, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின்மேல் ஒட்டிக் கொடுங்கள்.